1000 மீட்டருக்கு ஆறரை டிகிரி: குளிரைத் தேடி மலை ஏறினவங்க கதை

ரிமோட் வேலை வந்ததுல இருந்து எங்க டீம்ல மாசத்துக்கு ஒருத்தராவது சொல்ற டயலாக் ஒண்ணு இருக்கு. "பேசாம குன்னூர்லயோ கோத்தகிரியிலயோ வீடு எடுத்துத் தங்கிடலாம்டா, ஏசி பில்லே வராது." மே மாசம் வந்துட்டா மாசத்துக்கு ஒருத்தர்ங்கிறது நாளைக்கு ஒருத்தர்னு ஆயிடும். இன்னிக்கு எபிசோட் இந்த ஆசையோட வரலாறு. வெப்ப மண்டலத்துல ஒரு மனுஷன் எவ்வளவு உயரத்துல குடியிருக்கலாம்? இதை யார் யார் எப்படி முடிவு பண்ணாங்க? அந்த முடிவுக்கு யார் செலவு பண்ணாங்க? நீலகிரியை மையமா வெச்சுப் பேசப் போறோம். நடுவுல ரெண்டு மூணு தடவை தென் அமெரிக்காவோட ஆண்டீஸ் மலைக்கும் போய்ட்டு வருவோம். ஏன் அங்கன்னு போகப் போகத் தெரியும்.

முதல்ல கணக்கு. சராசரியா 1000 மீட்டர் மேல ஏறினா வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சூரியன் நேரடியா சூடாக்குறது காத்தை இல்ல, தரையை. தரை சூடாகி காத்தைச் சூடாக்குது. அந்தக் காத்து மேல எழும்பும்போது மேல அழுத்தம் கம்மியா இருக்கிறதால விரியுது, விரியும்போது குளிருது. சைக்கிள் டியூப்ல காத்தைத் திறந்து விட்டா வால்வு கிட்ட ஜில்லுன்னு இருக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

சென்னையோட வருஷ சராசரி வெப்பநிலை 28, 29 டிகிரி. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். 2.24-ஐ 6.5-ஆல பெருக்கினா 14.5 வரும். கழிச்சுப் பாருங்க, 14 டிகிரி. ஊட்டியோட உண்மையான சராசரியும் ஏறக்குறைய அதுதான். இவ்வளவு சிம்பிளான ஃபார்முலா இவ்வளவு நல்லா வேலை செய்யறது இன்ஜினியரிங்ல கூட அபூர்வம்.

ஆனா வெப்ப மண்டலத்துல உயரத்துக்கு இன்னொரு விசேஷம் இருக்கு. சிம்லாவும் ஏறக்குறைய ஊட்டி உயரம்தான். ஆனா சிம்லா பூமத்திய ரேகையில இருந்து 31 டிகிரி வடக்க இருக்கு, அதனால ஜனவரியில அங்க பனி கொட்டும். ஊட்டி 11 டிகிரியில இருக்கு, பனிப்பொழிவு கிடையாது, குளிர்காலத்துல உறைபனி மட்டும் விழும். மே மாசத்துக்கும் டிசம்பருக்கும் சராசரியில அஞ்சாறு டிகிரிதான் வித்தியாசம். பூமத்திய ரேகையை ஒட்டியே இருக்கிற கீட்டோ, அதாவது ஈக்வடாரோட தலைநகரம், 2850 மீட்டர்ல இருக்கு. அங்க எந்த மாசம் போனாலும் ஒரே மாதிரி 14, 15 டிகிரி. பகலுக்கும் ராத்திரிக்கும் இருக்கிற வித்தியாசம் ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில இல்ல. அதாவது மத்த நாடுகள்ல காலத்தோட வர்ற குளிர், இங்க ஒரு இடத்துல நிரந்தரமா உக்காந்திருக்கு. அது வரட்டும்னு காத்திருக்க முடியாது, ஏறித்தான் போகணும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டு எடுத்த ஒரு முடிவுலதான் இந்த எபிசோடைக் கேட்கிற பாதிப் பேர் இப்ப குடியிருக்கீங்க. 1799-ல திப்பு சுல்தான் தோத்த பிறகு பிரிட்டிஷ் பட்டாளம் ஸ்ரீரங்கப்பட்டணத்துலயே தங்குச்சு. காவிரி நடுவுல ஒரு தீவு, சுத்தி வாய்க்கால், வயல். சிப்பாய்கள் காய்ச்சல்ல விழ ஆரம்பிச்சாங்க. கடைசியில 1809 வாக்குல பட்டாளத்தைத் தூக்கி பெங்களூர்ல புது கண்டோன்மென்ட் கட்டி வெச்சாங்க. ஸ்ரீரங்கப்பட்டணம் 680 மீட்டர், பெங்களூர் 920 மீட்டர். 240 மீட்டர்னா ஒன்றரை டிகிரிதான். அந்த ஒன்றரை டிகிரி காய்ச்சலை நிறுத்திடாது. தண்ணி தேங்காத மேட்டு நிலமா இருந்ததுதான் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். ஆனா அன்னிக்கு இருந்தவங்களுக்கு உயரம், காத்து, தண்ணி எல்லாம் ஒரே மூட்டையில இருந்தது. மலேரியாங்கிற சொல்லுக்கே இத்தாலிய மொழியில கெட்ட காத்துன்னுதான் அர்த்தம். சதுப்புல இருந்து கிளம்புற கெட்ட ஆவிதான் காய்ச்சலைத் தருது, மேல போகப் போக அது வராதுன்னு நம்பினாங்க. காரணம் தப்பு, ஆனா கவனிச்சது சரி. மேல போனவங்களுக்கு நிஜமாவே காய்ச்சல் குறைஞ்சது.

இப்ப நீலகிரிக்கு வருவோம். 1819 ஜனவரியில கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறி, ஊட்டியைக் 'கண்டுபிடிச்சார்'னு நம்ம டூரிஸ்ட் கைடு எல்லாத்துலயும் இருக்கும். அவருக்கு முந்தின வருஷமே அவரோட ஆபீஸைச் சேர்ந்த விஷ், கிண்டர்ஸ்லின்னு ரெண்டு பேர் போய்ட்டு வந்துட்டாங்க. அதுக்கும் 200 வருஷம் முன்னாடி கோழிக்கோட்டுப் பக்கத்துல இருந்து ஃபெனிசியோன்னு ஒரு பாதிரியார் ஏறிப் பார்த்திருக்கார். இந்த 'முதல்ல யார்' போட்டியில எனக்கு ஆர்வம் இல்ல. அவங்க ஏறும்போது அங்க ஏற்கெனவே இருந்த ஏற்பாடுதான் எனக்குச் சுவாரசியம்.

மலையை ஒரு கட்டடமா நினைச்சுக்கோங்க. மேல்மாடியில, புல்வெளிப் பீடபூமியில தோடர்கள், அவங்க எருமைகளோட. அதே பீடபூமியிலயும் அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்த கிழக்குப் பக்கச் சரிவுகள்லயும் படுகர்கள், ராகி, சாமை, பார்லி பயிர் பண்ணிக்கிட்டு. கூடவே கோத்தர்கள், இரும்பு வேலை, மண்பாண்டம், இசை. நடுச்சரிவுக் காட்டுல குறும்பர்கள், தேனும் காட்டுப் பொருளும். கீழ் சரிவுல, அடிவாரத்தை ஒட்டி இருளர்கள். தோடர்கிட்ட இருந்து நெய் இறங்கும், படுகர்கிட்ட இருந்து தானியம் போகும், கோத்தர்கிட்ட இருந்து கத்தியும் பானையும் வரும், குறும்பர்கிட்ட இருந்து தேன் ஏறும். இதுல ஏற்றத்தாழ்வு இருந்தது, பயம் இருந்தது, குறும்பர்களை மந்திரவாதின்னு சொல்லி அடிச்சுக் கொன்ன சம்பவங்கள் கூட இருந்தது. சொர்க்கம்னு சொல்ல வரல. ஆனா ஒரு விஷயம் கவனிங்க: யாரும் ஒரே உயரத்தை நம்பி வாழல. தோடர்கள் கூட, வறண்ட மாசங்கள்ல மேய்ச்சலுக்காக குந்தா பக்கத்து ஈரப் புல்வெளிக்கு எருமைகளை ஓட்டிட்டுப் போய், மழை வந்ததும் திரும்புவாங்க.

ஆண்டீஸ்லயும் இதே கதைதான். ஒரே சமூகத்துக்கு மேல உருளைக்கிழங்குக் காடு, நடுவுல மக்காச்சோளம், கீழ வெப்பமான பள்ளத்தாக்குல கோகா இலைன்னு பல உயரத்துல நிலம் இருக்கும். ஜான் முர்ரான்னு ஒரு மானுடவியலாளர் 1970-களில் இதை ஒரு செங்குத்தான தீவுக்கூட்டம்னு வர்ணிச்சார். ஹம்போல்ட் 1802-ல சிம்போராசோ மலையில ஏறி, எந்த உயரத்துல எந்தச் செடி வளருதுன்னு படமா வரைஞ்சு உலகப் புகழ் அடைஞ்சார். அந்த மலைக்காரங்க பல நூறு வருஷமா அந்தப் படத்துக்குள்ளயே குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தாங்க.

சல்லிவன் வேற மாதிரி யோசிச்சார். அவருக்கு வேண்டியது ஒரு உயரம், அதுல ஒரு ஊர். முதல்ல கோத்தகிரி பக்கம் வீடு கட்டினார், அந்தக் கண்ணேரிமுக்கு பங்களா இப்ப அருங்காட்சியகமா இருக்கு. அப்புறம் ஊட்டியில 1820-களோட ஆரம்பத்துல 'ஸ்டோன் ஹவுஸ்'. இன்னிக்கு அது ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி வளாகத்துக்குள்ள இருக்கு. தோடர்கள்கிட்ட ஏக்கர் 1 ரூபாய்னு நிலம் வாங்கினார்னு சொல்வாங்க. பள்ளத்துல ஓடின ஓடைகளை அணை கட்டி மறிச்சு, நாம படகு ஓட்டுற அந்த ஏரியை உண்டாக்கினார். ஐரோப்பியக் காய்கறிகளும் உருளைக்கிழங்கும் பயிர் பண்ண வெச்சார். உருளைக்கிழங்கு ஐரோப்பாக்காரன் பயிர் இல்லீங்க, ஆண்டீஸ் மலைப் பயிர். ஒரு வெப்ப மண்டல மலையில இருந்து இங்கிலாந்து சுத்தி இன்னொரு வெப்ப மண்டல மலைக்கு வந்து சேர்ந்தது.

சல்லிவனை வில்லன்னு சுலபமா முத்திரை குத்த முடியாது. இந்த நிலம் தோடர்களுக்கே சொந்தம், அதுக்கு ஈடு கொடுக்காம எடுக்கக்கூடாதுன்னு மெட்ராஸ் அரசாங்கத்தோட வருஷக்கணக்கா சண்டை போட்டவர் அவர். அதே மனுஷன்தான் அந்த நிலத்துல பெரிய பங்கை வாங்கி வெச்சிருந்தவரும். அரசாங்கத்துக்குப் புல்வெளின்னா தரிசு, அவ்வளவுதான். 1838-ல சல்லிவனோட மனைவி ஹென்ரியட்டாவும் ஒரு மகளும் இறந்துட்டாங்க. ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பின்னாடி கல்லறை இருக்கு, போனா பாருங்க. உயிரைக் காப்பாத்தும்னு நம்பி உருவாக்கின ஊர்ல முதல்ல நிரம்பின இடங்கள்ல ஒண்ணு அந்தக் கல்லறைத் தோட்டம்.

ஏன் மேல காய்ச்சல் இல்லைங்கிற விடையும் நீலகிரியைத் தொட்டுட்டுத்தான் போச்சு. 1897-ல ரொனால்ட் ராஸ் ஊட்டிக்கு லீவுல வந்தார். வந்தவர் சும்மா இருக்கல, ஊட்டியில இருந்து மைசூர் பக்கம் இறங்குற சீகூர் மலைப்பாதையில மலேரியாவை ஆராயப் போனார். போன இடத்துல அவருக்கே மலேரியா வந்துடுச்சு. சில மாசம் கழிச்சு, ஆகஸ்ட் 20-ம் தேதி, செகந்திராபாத்துல அனாபிலிஸ் கொசுவோட வயித்துல அந்தக் கிருமியைப் பார்த்தார். நோபல் பரிசு வரைக்கும் போன கதை.

அதுல உயரத்துக்கான சாவி இருக்கு. கொசு ஒரு நோயாளியைக் கடிச்ச உடனே அடுத்த ஆளுக்கு நோய் கொடுத்துட முடியாது. கிருமி கொசுவுக்குள்ள வளரணும். கொசுவுக்கு நம்மள மாதிரி நிலையான உடல்சூடு கிடையாது, வெளியில என்ன வெப்பமோ அதுதான் உள்ளயும். ஃபால்சிபாரம் வகை கிருமிக்கு 25 டிகிரியில சுமார் 12 நாள் போதும். 20 டிகிரின்னா கிட்டத்தட்ட நாலு வாரம். 16 டிகிரி நெருங்கும்போது வளர்ச்சியே நின்னுடும். ஆனா பெரும்பாலான கொசுக்கள் அவ்வளவு நாள் உயிரோட இருக்காது. கிருமி ரெடி ஆகுறதுக்குள்ள கொசு செத்துடும். கோடிங் பாஷையில சொன்னா டைம்அவுட். அதனால மலையில ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு உண்டு. அதுக்குக் கீழ அடிவாரக் காடு, வயநாடு, சீகூர் மாதிரி இடங்கள், ராத்திரி தங்கவே பயந்த இடங்கள். அதுக்கு மேல நிம்மதி. ஊட்டியோட 14 டிகிரி அந்தக் கோட்டுக்கு நல்ல மேல. ஆனா அங்க போகணும்னா அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போகணும். பல்லக்குலயும் டோலியிலயும் போனவங்க சீக்கிரம் தாண்டிட்டாங்க. தூக்கினவங்க தினமும் இறங்கி ஏறினாங்க.

சரி, 14 டிகிரி நல்லதுன்னா இன்னும் மேல போனா இன்னும் நல்லதா? தெர்மாமீட்டரை மட்டும் பார்க்கிறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க. 1820-களோட கடைசியில ஊட்டியில பட்டாளத்துக்காக ஒரு சானடோரியம் திறந்தாங்க. 1834-லயே மூடிட்டாங்க. கீழ வயித்துக்கடுப்பும் கல்லீரல் நோயும் வந்து உடம்பு தேஞ்சு போனவங்களை ஈரமும் குளிருமான இடத்துக்குத் தூக்கிட்டுப் போனா தேறுவாங்கன்னு என்ன நிச்சயம்? 'மலை வயித்துப்போக்கு'ன்னே ஒரு வியாதி அந்தக் காலத்து டாக்டர்களோட எழுத்துகள்ல அடிபடுது. பின்னாடி 1850-களில் பட்டாளத்துக்கு நிரந்தரமா பாரக்ஸ் கட்டும்போது ஊட்டிக்குப் போகல. அதுக்கு சுமார் 400 மீட்டர் கீழ, குன்னூர் பக்கத்துல ஜெகதளாவைப் பிடிச்சாங்க. அதுதான் இப்ப வெலிங்டன்.

ஸ்பெயின்காரங்களுக்கு இந்தப் பாடம் 300 வருஷம் முன்னாடியே கிடைச்சிருந்தது. பிசாரோ பெருவைப் பிடிச்சப்ப முதல் தலைநகரம் 3400 மீட்டர் உயரத்துல ஹௌஹாங்கிற ஊர்ல. குளிர் தாங்கல, பன்னி, குதிரை, கோழி எதுவும் அங்க பெருகலன்னு குறை. 1535 ஜனவரியில கடற்கரைக்கு இறங்கி லிமாவை உண்டாக்கிட்டாங்க. ஆனா அதே உயரத்துல ஆண்டீஸ் மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமா பிள்ளை குட்டிகளோட வாழ்ந்துக்கிட்டுதான் இருந்தாங்க. அவங்க உடம்பே தலைமுறை தலைமுறையா கம்மி ஆக்சிஜனுக்குப் பழகினது. ஊட்டியில அந்தப் பிரச்சினை இல்ல. காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல. தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சுடும், குக்கர் இல்லாம பருப்பு வேகாது. அவ்வளவுதான் தொந்தரவு.

ஊட்டியோட பெரிய பிரச்சினை விறகு. இதை யாரும் பேசுறதே இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான். குளிரான இடத்துல ஒரு ஊர் இருந்தா, ஒவ்வொரு வீட்டுலயும் அடுப்பும் கணப்பும் எரியணும். நீலகிரியில மரம் எங்க இருந்தது? மேல்மலை பெரும்பாலும் புல்வெளி. ஓடை ஓடுற பள்ளங்கள்ல மட்டும் சோலைக்காடு. அந்தச் சோலை மரங்கள் ரொம்ப மெதுவா வளரும், ஆனா வெட்டுறது ஒரு நாள் வேலை. ஊரைச் சுத்தி இருந்த சோலைகள் அடுப்புக்குள்ள போச்சு. அதுக்கு மாத்து மருந்தா 1840-களில் ஆஸ்திரேலியாவுல இருந்து யூகலிப்டஸும் சீகையும் வந்தது. இன்னிக்கு ஊட்டின்னா நமக்கு மூக்குல ஏறுற தைல வாசனை இருக்கே, அது அந்தக் கணப்போட வாசனை. அந்த மரங்களுக்காக அழிஞ்சது தோடர் எருமைகளோட மேய்ச்சல். சோலையும் புல்வெளியும் மழையைப் பிடிச்சு வெச்சு மெல்ல மெல்ல ஓடைக்கு விடும், அந்த வேலையும் கெட்டது.

எத்தியோப்பியாவுல அடிஸ் அபாபா, சுமார் 2350 மீட்டர். 1886-ல உருவான ஊர். கொஞ்ச வருஷத்துலயே சுத்தி இருந்த மரமெல்லாம் விறகாகி, தலைநகரத்தையே வேற இடத்துக்கு மாத்தலாமான்னு பேச்சு வந்துச்சு. அங்கயும் காப்பாத்தினது ஆஸ்திரேலியாவோட யூகலிப்டஸ்தான். ரெண்டு கண்டம், ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே குளிர், ஒரே மரம்.

உறைபனி விஷயமும் இந்த ஆறரை டிகிரி ஃபார்முலாவைக் குழப்பிடும். மேகமில்லாத டிசம்பர் ராத்திரியில தரை சூட்டை வானத்துக்கு விட்டுடும். குளிர்ந்த காத்து கனமானது, தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கும். அதனால பள்ளத்துல இருக்கிற தோட்டம் உறைபனியில கருகும், அதுக்கு மேல சரிவுல இருக்கிற தோட்டம் தப்பிச்சுடும். உயரம் அதிகமான இடத்துல குளிர் கம்மி! படுகர் கிராமங்கள் பலது பள்ளத்துல இல்லாம குன்றுச் சரிவுல வரிசையா இருக்கிறதைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். மழையும் உயரத்தைக் கேட்டுப் பெய்யறதில்ல. தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்த்துடும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல பெய்ஞ்சது. தொட்டபெட்டா தொடர் மறைக்கிறதால கோத்தகிரிக்கு அதுல சொச்சம்தான் வரும். அந்தப் பக்கம் பலமா அடிக்கிறது அக்டோபர், நவம்பர் மாச வடகிழக்கு மழை. 2009 நவம்பர்ல குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரத்துல மண்சரிவுல 40-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. வீடு பார்க்கப் போற நண்பர்களுக்கு: புரோக்கர் 'சீ லெவல்ல இருந்து இத்தனை அடி'ன்னு சொன்னா, எந்தப் பக்கத்துச் சரிவு, மேல யார் மண்ணை வெட்டியிருக்காங்க, மழைத் தண்ணி எந்த வழியா இறங்குதுன்னு கேளுங்க.

இப்ப மறுபடியும் ஆண்டீஸ். காய்ச்சலுக்கு மருந்து கொய்னா. கொய்னா வர்றது சின்கோனா மரத்தோட பட்டையில இருந்து. அந்த மரம் ஆண்டீஸோட கிழக்குச் சரிவுல, குளிரான நடு உயரத்துல வளர்றது. 1860-ல கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில பிரிட்டிஷ்காரங்க பெரு, ஈக்வடார் காடுகள்ல இருந்து செடியும் விதையும் கொண்டு வந்தாங்க. எங்க நடலாம்? அதே மாதிரி வெப்ப மண்டலத்துல, அதே மாதிரி உயரம் வேணும். நீலகிரி. ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைச்ச வில்லியம் மெக்ஐவர் பொறுப்புல தொட்டபெட்டாவுலயும் நடுவட்டத்துலயும் நட்டாங்க. காட்டை வெட்டித் திருத்தற வேலைக்கு மலாய் தீபகற்பத்துக் குடியேற்றங்கள்ல இருந்து மெட்ராஸ் ஜெயில்களுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளைக் கொண்டு வந்தாங்க. நடுவட்டத்துல ஜெயில் கட்டடம் இன்னும் நிக்குது. தண்டனை முடிஞ்ச சிலர் ஊர் திரும்பாம, தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் பண்ணி அங்கயே காய்கறி போட்டுக்கிட்டு வாழ்ந்தாங்க. எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பத்தி எழுதியிருக்கார்.

மலையில வளர்ந்த மரம் தர்ற மருந்தால சமவெளியிலயே பிழைச்சுக்கலாம்னு ஆனபிறகும் யாரும் மலையை விட்டு இறங்கல. 1870-ல இருந்து ஊட்டி அதிகாரபூர்வமா மெட்ராஸ் மாகாணத்தோட கோடைத் தலைநகரம். வருஷா வருஷம் கவர்னரும் கோப்புகளும் குமாஸ்தாக்களும் மூட்டை கட்டிக்கிட்டு ஏறுவாங்க. 1899-ல குன்னூர் வரைக்கும் ரயில், 1908-ல ஊட்டி வரைக்கும். காய்ச்சல் பயத்துல ஆரம்பிச்சது அந்தஸ்துல போய் நின்னுடுச்சு. முன்னாடி மலைக்காரங்க பல உயரத்தைச் சேர்த்து வாழ்ந்தாங்கன்னு சொன்னேன்ல? மேல வந்தவங்க ஒரே உயரத்துல உக்காந்துக்கிட்டாங்க. மத்த உயரங்கள்ல இருந்து அரிசி, விறகு, துணி, வேலையாள் எல்லாம் அவங்களைத் தேடி ஏறி வரணும்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. நம்ம 'ஒர்க் ஃப்ரம் ஹில்ஸ்' ஆசையும் அதே மாடல்தான். சம்பளம் சமவெளியில இருந்து, மளிகை மேட்டுப்பாளையத்துல இருந்து, வீடு துடைக்க ஆள் பக்கத்து எஸ்டேட்ல இருந்து. 2024 மே 7-ம் தேதியில இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போறதுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்ததே, அந்த ஏற்பாடு இதுக்கு மேல தாங்கலைங்கிறதாலதான்.

அந்தக் காய்ச்சல் கோடும் நிலையா நிக்கப் போறதில்ல. எத்தியோப்பியாவுலயும் கொலம்பியாவுலயும் மலைப் பகுதிகளோட மலேரியாக் கணக்குகளை எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2014-ல சயின்ஸ் இதழ்ல வந்தது. வெப்பம் கூடின வருஷங்கள்ல நோய் மேல ஏறுது, குளிர்ந்த வருஷங்கள்ல இறங்குதுன்னு அதுல இருக்கு. ஒரு டிகிரி கூடினா அந்தக் கோடு சுமார் 150 மீட்டர் ஏறும்னு இப்ப நீங்களே கணக்கு போட்டுடலாம்.

உயரத்தைத் 'தேர்ந்தெடுக்கிறது' பத்தியே இவ்வளவு நேரம் பேசினோம். நீலகிரியில இன்னிக்கு வாழ்ற நிறையப் பேருக்கு அந்தத் தேர்வு இருந்ததே இல்ல. காபி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சமவெளியில இருந்து கூட்டிட்டு வரப்பட்ட குடும்பங்கள், காய்ச்சல் கோட்டுக்குக் கீழயும் மேலயும், முதலாளிக்குப் பயிர் எங்க விளையுமோ அங்க லைன் வீட்டுல இருந்தாங்க. இலங்கை மலையகத்துக்குப் போனவங்களும் அப்படித்தான், நுவரெலியா பக்கம் 1800, 1900 மீட்டர்ல தலைமுறை தலைமுறையா கொழுந்து பறிச்சாங்க. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை ஏத்துக்கணும்னு ரெண்டு பிரதமர்கள் எண்ணிக்கை போட்டுப் பிரிச்சாங்க. இந்தியாவுக்கு வந்தவங்களுக்கு வேலை கொடுக்கணும்னு 1968-ல தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை ஆரம்பிச்சது, அதுதான் டான்டீ. பிறந்ததுல இருந்து குளிர்லயே வாழ்ந்த குடும்பங்கள் ராமேஸ்வரத்துல கப்பல் இறங்கி, மண்டபம் முகாம் வெயிலைக் கடந்து, மறுபடியும் ஒரு மலை ஏறினாங்க. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர். சீனக் கைதிகள் சின்கோனாவுக்குக் காடு திருத்தின அந்த நடுவட்டத்துலயும் டான்டீ தோட்டம் இருக்கு, அவங்க பேரப் பிள்ளைங்க இருக்காங்க. அதுல சிலர் இப்ப கோயம்புத்தூர்லயும் திருப்பூர்லயும் வேலை தேடி மலை இறங்கிக்கிட்டு இருக்காங்க.

தாயகம் திரும்பினவங்க கதையே தனியா ரெண்டு எபிசோடுக்கு வரும். அதை அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம். உங்க தாத்தா பாட்டி யாராவது மண்டபம் முகாம் வழியா வந்திருந்தா எங்களுக்கு எழுதுங்க.